மூலிகை மருந்தின் நச்சுத்தன்மையை எப்படி ஆராய்கிறார்கள்?

ஒரு மூலிகை பாதுகாப்பானது என்று சொல்வதற்கு நாம் பெரும்பாலும் காட்டும் சான்று ஒன்றுதான்: பல தலைமுறைகளாக மக்கள் அதை உட்கொண்டு வருகிறார்கள். இந்தச் சான்றை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. உண்ட அன்றே வாந்தியையும் வலிப்பையும் வரவழைக்கும் செடியை எந்தச் சமூகமும் நெடுங்காலம் மருந்தாக வைத்திருக்காது. வைத்திருந்தால் அதன் வீரியத்தைத் தணிக்கும் முறையையும் சேர்த்தே வைத்திருக்கும். ஆனால், அனுபவத்தின் கண்ணுக்கு அகப்படும் தீங்குக்குச் சில இலக்கணங்கள் உண்டு. மருந்தை உட்கொண்ட சிறிது காலத்திலேயே அது தோன்ற வேண்டும், பலருக்கும் தோன்ற வேண்டும், வேறு நோயால் வந்தது என்று எண்ண இடமில்லாத வகையில் தோன்ற வேண்டும். பல ஆண்டுகள் கழித்து வரும் புற்றுநோயையோ, பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு மட்டும் ஏற்படும் கல்லீரல் செயலிழப்பையோ, எப்போதோ குடித்த ஒரு கசாயத்தோடு தொடர்புபடுத்திப் பார்க்க மரபறிவுக்கு வழியே இருந்ததில்லை. மூலிகை மருந்துகளின் நச்சியல் ஆராய்ச்சிக்கு வேலை இருப்பது இந்த இடைவெளியில்தான்.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு பெல்ஜியத்தின் தலைநகரான பிரசல்ஸில் நிகழ்ந்தது. 1990களின் தொடக்கத்தில், ஐம்பது வயதை எட்டாத பெண்கள் சிலர் சிறுநீரகம் வேகமாகச் சுருங்கிச் செயலிழந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்தார்கள். சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணங்கள் எவையும் அவர்களிடம் இல்லை. அவர்கள் அனைவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே: உடல் எடையைக் குறைப்பதற்காக அவர்கள் ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றியிருந்தார்கள். பல ஆண்டுகளாகச் சிக்கலின்றி நடந்து வந்த அந்தத் திட்டத்தில் 1990இல் சீன மூலிகைகள் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தன. இந்த நோயாளிகளைப் பற்றிய முதல் அறிக்கை 1993இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயிற்று. காலப்போக்கில் பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

அந்தத் திட்டத்தில் குறிப்பிடப்பட்டிருந்த மூலிகை ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா. சீனப் பெயர் 'ஃபாங் ஜி'. ஆனால் 'குவாங் ஃபாங் ஜி' என்ற பெயரில் முற்றிலும் வேறான தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி என்னும் கொடியின் வேரும் சந்தையில் இருந்தது. மாத்திரைக்குப் பயன்பட்ட பொடியைப் பகுத்துப் பார்த்தபோது, ஸ்டெஃபானியாவில் இருக்க வேண்டிய வேதிப்பொருளுக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கிக் அமிலம் கிடைத்தது. பொடியாக்கிய பின் இரண்டு வேர்களையும் வெறும் கண்ணால் பிரித்தறிய இயலாது என்பதால், மருந்தை எழுதிக்கொடுத்தவர்களுக்கும் உட்கொண்டவர்களுக்கும் மாற்றம் நிகழ்ந்ததே தெரியவில்லை.

செய்தி சிறுநீரகத்தோடு நிற்கவில்லை. செயலிழந்த சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொள்ள 39 நோயாளிகள் இசைந்தார்கள்; அகற்றிய உறுப்புகளை ஆராய்ந்தபோது அவர்களில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் உருவாகியிருந்தது தெரியவந்தது. 2000இல் வெளியான இந்த ஆய்வு, மொத்தமாக உட்கொண்ட வேரின் அளவு 200 கிராமைத் தாண்டியவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் கூடுதலாக இருந்ததையும் காட்டியது. அரிஸ்டோலோக்கிக் அமிலம் உடலில் மாற்றமடைந்து, மரபுப் பொருளான டிஎன்ஏவின் அடினின் என்னும் அலகோடு பிணைந்துகொள்கிறது. அந்த இடத்தில் பின்னர் எழுத்துப் பிழை போன்ற ஒரு சடுதிமாற்றம் ஏற்படுகிறது. அடினின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் வந்து உட்காரும் இந்தக் குறிப்பிட்ட பிழை மற்றப் புற்றுநோய்களில் அரிது என்பதால், ஒரு கட்டியின் மரபணு வரிசையைப் படித்தே 'இது அரிஸ்டோலோக்கியாவின் வேலை' என்று கூற முடிகிறது. டான்யூப் ஆற்றின் கிளையாறுகளை ஒட்டிய பால்கன் சிற்றூர்களில் 1950களிலிருந்து அறியப்பட்ட, காரணம் புரியாத சிறுநீரக நோய்க்கும் இதே அமிலம்தான் காரணம் என்பது இந்தத் தடயத்தின் உதவியால் 2007இல் உறுதிப்பட்டது. கோதுமை வயல்களில் களையாக வளர்ந்த அரிஸ்டோலோக்கியாவின் விதைகள் தானியத்தோடு கலந்து மாவில் சேர்ந்திருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்தப் பேரினத் தாவரங்கள் அடங்கிய மூலிகை மருந்துகளை 2002இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்தது. தமிழில் ஆடுதீண்டாப்பாளை என்றும் ஈசுவரமூலி என்றும் வழங்கும் செடிகளும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதைப் போகிற போக்கில் குறித்துக்கொள்ளலாம்.

அரிஸ்டோலோக்கியா இனங்கள் பல நாடுகளின் மரபு மருத்துவத்தில் மிகப் பழங்காலத்திலிருந்தே இடம்பெற்றவை. அத்தனை காலப் பயன்பாட்டிலும் அதன் புற்றுநோய்த் தன்மையை எவரும் கவனிக்கவில்லை, கவனித்திருக்கவும் முடியாது. அவர்கள் கூர்மையற்றவர்கள் என்று இதற்குப் பொருளல்ல. பத்து, இருபது ஆண்டு இடைவெளியில் நிகழும் இரண்டு நிகழ்ச்சிகளை இணைத்துப் பார்க்கப் பதிவேடுகளும் வேதிப் பகுப்பாய்வும் தேவை.

எனவே நச்சியல் ஆய்வின் முதற்கேள்வி, 'இந்த மூலிகை நஞ்சா?' என்பதல்ல, 'இந்தப் பொட்டலத்தில் இருப்பது எது?' என்பதே. ஆய்வுக்கு எடுத்த செடியின் ஒரு பகுதியை உலர்த்தி, தாவரவியலாளர் அடையாளம் உறுதிசெய்தபின், பதிவு எண்ணோடு உலர்தாவரக் காப்பகத்தில் வைக்க வேண்டும். அந்தச் சான்று மாதிரி இல்லாத ஆய்வுக் கட்டுரையை, அதன் மற்ற முடிவுகள் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், ஐயத்தோடு படிப்பதே நல்லது. பொடியாகவோ சாறாகவோ வந்துவிட்ட பொருளுக்கு வேதியியல் முறைகள் வேண்டும். அவற்றுள் எளியது மென்படல வண்ணப்பிரிகை: சிலிக்கா பூசிய ஒரு கண்ணாடித் தகட்டின் அடியில் சாற்றைச் சிறு கோடாக இட்டு, தகட்டின் விளிம்பைக் கரைப்பானில் நிறுத்தினால், கரைப்பான் மேலேறும்போது சாற்றிலுள்ள பொருள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் தங்கிவிடும். புற ஊதா ஒளியில் பார்த்தால் மஞ்சள், நீலம், சிவப்பு எனப் பட்டைகள் தெரியும். அசல் செடியின் சாற்றை அதே தகட்டில் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிட்டால், இருக்க வேண்டிய பட்டை இல்லாததும் இருக்கக் கூடாத பட்டை இருப்பதும் தெரிந்துவிடும். டிஎன்ஏவைக் கொண்டு இனம் காணும் முறையும் உண்டு. ஆனால் கொதிக்கவைத்து வடித்த சாறுகளில் டிஎன்ஏ சிதைந்துபோவதால் அங்கே அது அதிகம் கைகொடுப்பதில்லை.

மூலிகையின் மேல் விழும் பழி எல்லாம் மூலிகையுடையதும் அல்ல. ஈயம், பாதரசம், ஆர்சனிக், காட்மியம் ஆகிய உலோகங்கள், ஈரத்தில் வளரும் பூஞ்சைகள் விட்டுச்செல்லும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு, பூச்சிக்கொல்லி எச்சங்கள் ஆகியவை மண்ணிலிருந்தோ கிடங்கிலிருந்தோ வந்து சேரலாம். சில மரபுகளில் உலோகங்கள் வேண்டுமென்றே சேர்க்கப்படுவதும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, அவற்றில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்ததாகத் தெரிவித்தது. இவற்றைவிட விஷமத்தனமானது, விரைவில் பலன் தெரிய வேண்டும் என்பதற்காக ஸ்டீராய்டையோ, எடை குறைக்கும் சிபுட்ராமினையோ மறைமுகமாகக் கலந்துவிட்டு, 'முற்றிலும் இயற்கையானது' என்று அச்சிட்டு விற்பது. இது நச்சியல் சிக்கல் என்பதைவிட மோசடி என்பதே பொருத்தம். ஆயினும் நோயாளியின் உடலுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

செடி சரியானதுதான், கலப்படமும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், தயாரிக்கும் முறை கணக்கையே மாற்றிவிடும். நாபி வகைச் செடிகளின் கிழங்கில் உள்ள அகோனிட்டின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் கொடிய நஞ்சு. நெடுநேரம் நீரில் கொதிக்கவைக்கும்போது அது நீராற்பகுப்பால் வீரியம் மிகக் குறைந்த பொருள்களாக உடைகிறது. கொதிக்கும் நேரத்தைக் குறைத்தால் அதே கிழங்கு ஆளைக் கொல்லும். இதற்கு மறுதலையாக, குடிக்கும் பானமாக ஆபத்தில்லாத ஒன்று செறிவூட்டப்பட்டதும் ஆபத்தாகலாம். பச்சைத் தேயிலையைக் காய்ச்சிக் குடிப்பவர்களுக்குப் பொதுவாகக் கல்லீரல் சிக்கல் வருவதில்லை. ஆனால் அதிலுள்ள கேட்டிசின்கள் என்னும் வேதிப்பொருள்களைச் செறிவூட்டி மாத்திரையாக்கி, நாளொன்றுக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் இஜிசிஜி என்னும் கேட்டிசினை எடுத்துக்கொண்டவர்களின் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் உயர்வதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சுட்டிக்காட்டியது. பழைய கசாயத்தின் நற்பெயரைப் புதிய கேப்சூலுக்கு அப்படியே மாற்றி எழுதிவிட முடியாது என்பதை இத்துறையில் அடிக்கடி நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

ஆய்வுக்கூடச் சோதனைகளில் தொடக்கநிலை வாசகர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று, அமெரிக்க உயிர்வேதியியலாளர் புரூஸ் ஏம்ஸ் 1970களில் உருவாக்கிய ஏம்ஸ் சோதனை. ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க இயலாதபடி மரபணுப் பழுதுள்ள சால்மோனெல்லா பாக்டீரியாக்களை, ஹிஸ்டிடின் ஏறக்குறைய இல்லாத தட்டில் இட்டால் அவை வளர மாட்டா. சோதிக்கும் சாறு டிஎன்ஏவை மாற்றக்கூடியதானால், சில பாக்டீரியாக்களில் அந்தப் பழுது தற்செயலாகச் சரியாகி, தட்டில் புள்ளி புள்ளியாகக் கூட்டங்கள் முளைக்கும். அவற்றை எண்ணினால் சாற்றின் சடுதிமாற்றத் திறன் தெரியும். இச்சோதனையை எலியின் கல்லீரலிலிருந்து எடுத்த நொதிக் கலவை சேர்த்தும் சேர்க்காமலும் இருமுறை செய்வார்கள். காரணம், பல பொருள்கள் செடியில் இருக்கும்வரை சாதுவானவை. நம் கல்லீரலே அவற்றை நஞ்சாக மாற்றுகிறது.

பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்னும் தாவர வேதிப்பொருள்கள் இதற்குச் சரியான சான்று. காம்ஃப்ரே, செனிசியோ, கிலுகிலுப்பை இனங்கள், தேள்கொடுக்கு இனங்கள் ஆகியவற்றில் இவை உண்டு. கல்லீரலின் நொதிகள் இவற்றைக் கழிவாக்கி வெளியேற்ற முயலும்போது, இடையில் மிகவும் வினைத்திறன் கொண்ட ஒரு பொருள் உருவாகி, அருகிலிருக்கும் நுண்ணிய ரத்த நாளங்களின் உட்சுவரைத் தாக்குகிறது. நாளங்கள் அடைபட்டு, கல்லீரல் வீங்கி, வயிற்றில் நீர் கோக்கிறது. ஜமைக்காவில் மூலிகைத் தேநீர் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் இந்த நோய் 1950களில் விரிவாக விவரிக்கப்பட்டது. ரத்த நாளத்தில் நோய், தேநீரில் காரணம் என்று கண்டுபிடிக்க நோயியல் மருத்துவர்களும் தாவர வேதியியலாளர்களும் ஒன்றுசேர வேண்டியிருந்தது.

அடுத்த கட்டம் விலங்குகள். மூலிகை ஆய்வுக் கட்டுரைகளில் மிகுதியாகத் தென்படும் வாசகம் இது: 'கிலோ எடைக்கு 2000 மி.கி. கொடுத்தும் எலிகள் இறக்கவில்லை. ஆகவே இச்சாறு பாதுகாப்பானது.' இந்த வாசகத்தின் முற்பாதி உண்மையாக இருக்கும். பிற்பாதி அதிலிருந்து பெறப்படாது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் 425ஆம் எண் வழிகாட்டுதலின்படி நடக்கும் இந்த வரம்புச் சோதனைக்கு ஐந்து எலிகள் போதும். அவற்றுக்கு ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்து 14 நாள்கள் கவனிப்பார்கள். ஒருமுறை மிகுதியாக உட்கொண்டால் உயிர் போகுமா என்ற கேள்விக்கு மட்டுமே இது விடை. மூன்று மாதம் நாள்தோறும் உட்கொண்டால் சிறுநீரகம் என்னவாகும், கருவிலிருக்கும் சிசுவுக்கு என்ன நேரும், புற்றுநோய் வருமா என்பவற்றுக்கெல்லாம் வெவ்வேறு சோதனைகள் இருக்கின்றன. 28 நாள் சோதனைக்கு 407ஆம் வழிகாட்டுதலும், 90 நாள் சோதனைக்கு 408ஆம் வழிகாட்டுதலும் உள்ளன. அவற்றில் எலிகளின் எடை, உணவு, ரத்தம், சிறுநீர் ஆகியவை அளக்கப்படும். இறுதியில் ஒவ்வோர் உறுப்பும் நிறுக்கப்பட்டு, மெல்லிய துண்டுகளாக நுண்ணோக்கியின் கீழ் பார்க்கப்படும்.

இச்சோதனைகளிலிருந்து பெறப்படும் முக்கியமான எண், எந்தத் தீய விளைவும் காணப்படாத மிக உயர்ந்த அளவு. அதை மனிதருக்குப் பொருத்தும்போது எடையை மட்டும் வைத்துப் பெருக்கிவிடக் கூடாது; சிறிய விலங்கின் உடல் மருந்தை விரைவாகச் செரித்து வெளியேற்றிவிடுவதால், உடற்பரப்பைக் கணக்கில் கொண்டு எலியின் அளவை 6.2ஆல் வகுப்பது வழக்கம். ஓர் எடுத்துக்காட்டாக, 90 நாள் சோதனையில் எலிக்குத் தீங்கு செய்யாத உச்ச அளவு கிலோவுக்கு 500 மி.கி. என்று கொள்வோம். 6.2ஆல் வகுத்தால் மனிதருக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 80 மி.கி.; 60 கிலோ எடையுள்ளவருக்கு 4,800 மி.கி. மனிதர் எலியைவிட எளிதில் பாதிக்கப்படக்கூடும், மனிதருக்குள்ளும் ஒருவருக்கொருவர் வேறுபாடு உண்டு என்பதால், இதைக் குறைந்தது பத்தால் வகுப்பார்கள். எஞ்சுவது நாளொன்றுக்கு 480 மி.கி. முதலில் பெரிதாகத் தோன்றிய எண் இப்படிச் சுருங்குவதைப் பார்த்த பிறகு, '2000 மி.கி. வரை பாதுகாப்பானது' என்ற விளம்பர வரியை யாரும் பழைய மாதிரி வாசிக்க மாட்டார்கள்.

புற்றுநோய்ச் சோதனைகளுக்கு இரண்டு ஆண்டுகளும் பெருஞ்செலவும் பிடிக்கும் என்பதால் மிகச் சில மூலிகைகளுக்கே அவை செய்யப்பட்டுள்ளன. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாற்றைக் குடிநீரில் கலந்து இரண்டு ஆண்டுகள் கொடுத்தபோது எலிகளின் பெருங்குடலில் கட்டிகள் தோன்றின, சுண்டெலிகளில் தோன்றவில்லை. ஐயம் விழுந்தது இலைத் தோலை ஒட்டிய மஞ்சள் பாலில் இருக்கும் ஆந்த்ராகுவினோன்கள் மீது. அந்தப் பாலை நீக்காத முழு இலைச் சாறு பற்றிய இம்முடிவை, உள்ளே இருக்கும் சோற்றுக்கோ தோலில் பூசும் களிம்புக்கோ நீட்டிக் கூறுவது பிழை.

தானே நஞ்சாக இல்லாமல், உடன் எடுக்கும் மருந்தைக் கெடுத்துத் தீங்கு செய்யும் மூலிகைகள் தனி வகை. மனச்சோர்வுக்குப் பயன்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் செடியிலுள்ள ஹைப்பர்ஃபோரின், மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 என்னும் கல்லீரல் நொதியின் உற்பத்தியைப் பெருக்குகிறது. 2000இல் வெளியான ஆய்வொன்றில், எச்ஐவி மருந்தான இண்டினாவிரோடு இதையும் உட்கொண்ட தன்னார்வலர்களின் ரத்தத்தில் அம்மருந்தின் மொத்த அளவு 57 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டில், இதயமாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட இருவர் இந்த மூலிகையைத் தொடங்கியதும், எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரின் ரத்தத்தில் குறைந்துபோய், பொருத்திய இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கிய செய்தி சூரிச் நகரிலிருந்து வெளிவந்தது. எலியின் உறுப்புகளை எத்தனை ஆண்டு நுண்ணோக்கியில் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் அரிய தீங்குகள் எஞ்சும். புள்ளியியலில் 'மூன்றின் விதி' என்றொன்று உண்டு: ஒரு மருந்தை 300 பேருக்குக் கொடுத்து ஒருவருக்கும் கல்லீரல் பாதிப்பு வரவில்லை என்றால், பாதிப்பின் வீதம் சுழியம் என்று முடிவுகட்ட முடியாது, மூன்றை 300ஆல் வகுத்தால் வரும் நூற்றுக்கு ஒன்று வரை அது இருக்கக்கூடும் என்றே கூற முடியும். ஆகவே விற்பனைக்கு வந்த பின்னரும் கண்காணிப்பு தேவைப்படுகிறது. 1968இல் தொடங்கிய உலக சுகாதார நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்காக, ஸ்வீடனின் உப்சாலா நகரிலுள்ள மையம் பல நாடுகளின் அறிக்கைகளைத் திரட்டுகிறது. அவற்றில் மூலிகைகளும் அடங்கும். ஆனால் மூலிகை உட்கொள்வதை மருத்துவரிடம் சொல்லாதவர்கள் மிகப் பலர் என்பதால் அறிக்கைகள் உண்மை நிலையைவிடக் குறைவாகவே வருகின்றன.

வந்த அறிக்கையும் உடனே தீர்ப்பாகிவிடாது. கல்லீரல் பாதிப்பைப் பொறுத்தவரை 1993இல் வெளியான ருகாம் என்னும் மதிப்பெண் முறை பரவலாகப் பயன்படுகிறது. உட்கொள்ளத் தொடங்கி எத்தனை நாளில் பாதிப்பு வந்தது, நிறுத்திய பின் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி நொதி ரத்தத்தில் எவ்வளவு விரைவாக இறங்கியது, ஹெப்படைடிஸ் வைரஸ்கள், மது, பித்தக்கல் போன்ற பிற காரணங்கள் விலக்கப்பட்டனவா, தெரியாமல் மீண்டும் உட்கொண்டபோது மறுபடி வந்ததா என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டுவார்கள். அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவுசெய்யும் மருத்துவமனைகளின் ஆய்வு வலையமைப்பில், மூலிகை மற்றும் துணை உணவுகளால் வந்தவற்றின் பங்கு 2004 வாக்கில் 7 சதவீதமாக இருந்து, 2012க்குள் 20 சதவீதமாக உயர்ந்தது.

அதே வலையமைப்பிலிருந்து அண்மையில் கிடைத்த செய்தியே இத்துறையை இப்போது அதிகம் ஈர்த்திருக்கிறது. பச்சைத் தேயிலைச் சாற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களில் 72 சதவீதத்தினரிடம் எச்எல்ஏ-பி*35:01 என்னும் எதிர்ப்பாற்றல் மரபணு வடிவம் இருந்தது. பொது மக்களிடம் அது 11 சதவீதமே. மஞ்சள் மாத்திரைகளால் பாதிக்கப்பட்ட பத்து பேரை ஆராய்ந்தபோது ஏழு பேரிடம் அதே வடிவம் காணப்பட்டது. இரு வேறு செடிகளால் வந்த பாதிப்பிலும் ஒரே எதிர்ப்பாற்றல் மரபணு வடிவம் மிகுந்திருப்பதால், இந்தப் பாதிப்பு செடியின் நஞ்சால் நேரடியாக வருவதைவிட, சிலரின் எதிர்ப்பாற்றல் மண்டலம் கல்லீரலின் மீதே திரும்பிவிடுவதால் வருகிறது என்ற எண்ணம் வலுப்பட்டுள்ளது. எனினும் இந்த மரபணு வடிவம் உள்ள மிகப் பெரும்பான்மையோர் அதே மாத்திரைகளை உட்கொண்டும் நலமாகவே இருக்கிறார்கள். ஆகவே எல்லோருக்கும் முன்கூட்டியே மரபணுச் சோதனை செய்வது பெரிதாக உதவாது. பாதிப்புக்கு ஆளானவரின் கல்லீரல் நோய்க்கு மூலிகைதான் காரணமா என்ற ஐயம் எழும் இடத்தில்தான், ருகாம் மதிப்பெண்ணோடு சேர்த்துப் பார்க்கும் இன்னொரு சான்றாக அது பயன்படுகிறது.